அக்கரையில் ஒரு ஜமாஅத்

(வடகரையில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சபுராளிகளை, அதாவது பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே நம் ஊரில் அது எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யார் எவ்வளவு அனுப்பினான், எந்தத் தெருவில் எத்தனை மாடி எழும்பியது, யார் மகளுக்கு எத்தனை பவுன் போட்டார்கள். இன்றைக்கு அதைத் தொடப்போவதில்லை. போனவன் அங்கே யாருக்குப் பக்கத்தில் நின்று தொழுதான்? என் கேள்வி இது ஒன்றுதான்.

சின்னக் கேள்வியாகத் தெரியலாம். யோசித்துப் பாருங்கள். இங்கே பள்ளிவாசலில் நின்றால் வலப்பக்கம் மாமா மகன், இடப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர். எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே சாப்பாடு. எல்லோரும் கையை ஒரே இடத்தில் கட்டுவார்கள். இப்படி வளர்ந்த பையன் கப்பலிலோ விமானத்திலோ போய் இறங்குகிறான். முதல் ஜும்ஆவில் அவன் பக்கத்தில் நிற்பவர் சாரோங் கட்டிய மலாய்க்காரர். அந்தப் பக்கம் பட்டாணி. முன்னால் நிற்கும் இமாம் எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாது. உலகம் முழுக்க முஸ்லிம்கள் இருக்கிறார்கள் என்று அவன் மதரசாவில் படித்தவன்தான். ஆனால் கண்ணால் பார்ப்பது அன்றைக்குத்தான்.

நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கதையிலிருந்து தொடங்குகிறேன். கடையநல்லூர்க்காரர்களின் கதை. தறியை நம்பி வாழ்ந்த ஊர் அது. மில் துணி வந்து கைத்தறியின் கழுத்தை நெரித்தபோது, மழை பொய்த்து பஞ்சமும் வந்தபோது, பாவோடி வயிறு வளர்க்க முடியாமல் ஆட்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அது ஓர் ஓட்டமாகவே ஆயிற்று. தஞ்சோங் பகாரில், துறைமுகத்தை ஒட்டிக் குடியேறினார்கள். அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் ‘கடையநல்லூர் ஸ்ட்ரீட்’ என்று ஒரு தெரு இருக்கிறது. மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கடைகளுக்கு அருகில். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிற பையன்கள் நம்மிடையே உண்டு. எடுக்கட்டும். அந்தப் பெயர் அங்கே வருவதற்குத் துறைமுகத்தில் எத்தனை பேர் மூட்டை தூக்கினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு எடுக்கட்டும்.

அவர்களிடம் ஒரு தனித்தன்மை இருந்தது. கீழக்கரை, நாகூர், காரைக்கால், கூத்தாநல்லூர் என்று தமிழ் முஸ்லிம்கள் பல ஊர்களிலிருந்து சிங்கப்பூர் போனார்கள். பெரும்பாலும் ஆண்கள் மட்டும் போவார்கள். கடையில் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊர், மறுபடி கப்பல். கடையநல்லூர்க்காரர்கள் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நெசவுக் குடும்பத்தில் பெண்ணும் உழைப்பாளிதான். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். போன இடத்தில் அந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் அம்மியில் அரைத்த ஈர மசாலா. அதை வாங்கிப்போய்ச் சமைத்தவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு.

வரலாறு எழுதுகிறவர்கள் பள்ளிவாசல் கட்டிய வணிகர்களை எழுதுகிறார்கள், பத்திரிகை நடத்திய புலவர்களை எழுதுகிறார்கள். 1887-இல் ‘சிங்கைநேசன்’ நடத்திய மகுதூம் சாயபுவை எழுதுகிறார்கள், எழுதத்தான் வேண்டும். ஆனால் ஊரில் படியிறங்காத பெண் அங்கே போய், பாஷை தெரியாத சந்தையில் உட்கார்ந்து, மலாயில் விலை பேசக் கற்றுக்கொண்டாளே, அவளை யார் எழுதினார்கள்? அந்தத் தலைமுறையில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், இங்கேயும் அங்கேயும். கையில் இருக்கிற போனை வைத்தே அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள்.

குடும்பமாகப் போனதால் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. மையித்து விழுந்தால் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஜப்பான்காரன் வந்துவிட்டான். மூன்றரை வருடப் பட்டினியும் பயமும் தீர்ந்தபிறகு, 1946-இல், அந்தச் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. கூலித்தொழிலாளிகளின் சங்கம், போர் முடிந்த மறுவருடம், பள்ளிக்கூடம் கட்டுகிறது! அதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடியவர், எட்டயபுரத்தில் அடங்கியிருப்பவர், நம் சீமைக்காரர். பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரில் தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்தது அந்த ஒரே பள்ளிதான். படித்தவர்கள் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் அல்லர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைப் பாடிய புலவர் பெயரில் இருந்த பள்ளியில் இந்துப் பிள்ளையும் கிறிஸ்தவப் பிள்ளையும் தமிழ் படித்தார்கள்.

இனிப் பள்ளிவாசலுக்கு வருகிறேன். தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஆளுக்கொரு பள்ளிவாசல்தான். இதை மறைக்கக் கூடாது. தெலோக் ஆயர் தெருவில் சூலியாக்கள், அதாவது நம் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள், 1827-இல் குடிசை போட்டுத் தொழுத இடம் ‘குச்சுப்பள்ளி’. இன்றைக்கு அதற்கு அல்-அப்ரார் என்று பெயர். அதே தெருவில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்கா. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளி. அதற்குச் சில அடி தூரத்தில் மாரியம்மன் கோவில். ஊரில் இரண்டும் எப்படி அருகருகே இருந்ததோ அப்படியே போன இடத்திலும் கட்டிக்கொண்டார்கள். மலபார்க்காரர்களுக்குத் தனிப் பள்ளி. பவியான் தீவிலிருந்து வந்தவர்கள் தனி, பூகிஸ்காரர்கள் தனி, ஹளரமௌத்து அரபிகள் கட்டியவை தனி. கலிமா ஒன்று, கட்டடம் பல.

இதில் ஒரு விதிவிலக்கு சுல்தான் பள்ளி. 1914-இல் அதற்குப் புதிய அறங்காவலர் குழு அமைத்தபோது ஒரு காரியம் செய்தார்கள். மலாய்க்காரர், ஜாவாக்காரர், பூகிஸ்காரர், அரபிகள், தமிழர், வட இந்தியர். இந்த ஆறு கூட்டத்துக்கும் இரண்டு இரண்டு பேர், ஆக மொத்தம் பன்னிரண்டு பேர். ஒரு பள்ளிவாசலின் கணக்கைப் பார்க்க ஆறு பாஷைக்காரர்கள் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். சண்டை வராமலா இருந்திருக்கும்? இரண்டு தெருக்காரர்கள் உட்காரும் நம் நிர்வாகக் குழுவிலேயே வருகிறதே! சண்டை வரும் என்று தெரிந்துதான் கணக்காக ஆளுக்கு இரண்டு என்று வைத்தார்கள். அன்பினால் மட்டும் ஒற்றுமை வந்துவிடும் என்று நம்புகிறவன் நான் இல்லை. நாற்காலியை ஒழுங்காகப் பங்கு வைத்தால்தான் அன்புக்கு வேலை.

சரி, மார்க்கத்தை எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள்? பெரிய தத்துவத்தை விடுங்கள், நண்டிலிருந்து பார்க்கலாம். தமிழ்நாட்டின் உள்பகுதி முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபை, அதாவது ஹனஃபி சட்டப் பிரிவைப் பின்பற்றுகிறவர்கள். கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபி. மலாய்க்காரர்களும் ஷாஃபிகள். ஷாஃபி மத்ஹபில் கடலில் கிடைப்பது அநேகமாக எல்லாம் ஹலால். ஹனஃபிக்கு மீன் ஆகும், நண்டு ஆகாது. நம் பக்கத்து ஆள் ஒருவரை மலாய் நண்பர் பெருநாள் விருந்துக்கு அழைக்கிறார். நடுவில் ஒரு தட்டு நண்டு. அவரும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சாப்பிடுகிறார், இவரும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சாப்பிடுகிறார். இவர் கை மீன் பக்கமே போகிறது. ‘ஏன் எடுக்கவில்லை?’ என்று அவர் கேட்க, ‘எங்கள் இமாம் அபூஹனீபா’ என்று இவர் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு மீனை இந்தப் பக்கம் நகர்த்திவைக்கிறார். புலம்பெயர்ந்த வாழ்க்கையில் மார்க்கத்தைப் பகிர்ந்துகொள்வது என்று நான் சொல்வது இந்த மாதிரியான சங்கதியைத்தான். இரண்டு பேரும் தங்கள் சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை; சாப்பாடும் முடிந்தது, நட்பும் போகவில்லை.

அஸர் தொழுகையும் அப்படித்தான். ஹனஃபிக்கு அஸர் நேரம் பிந்தித்தான் தொடங்கும். ஷாஃபி ஜமாஅத் அதற்கு முன்பே எழுந்துவிடும். சுபுஹில் ஷாஃபி இமாம் குனூத்து ஓத நின்றுவிடுவார். பின்னால் நிற்கும் ஹனஃபி ஓதாமல் பேசாமல் நிற்பார். ஃபாத்திஹா முடிந்ததும் ஒருவர் ஆமீனை உரக்கச் சொல்வார், மற்றவர் மனதுக்குள் சொல்வார். கிதாபில் இந்த வேறுபாடுகள் எல்லாம் ஆயிரம் வருடமாக எழுதியிருக்கின்றன. ஆனால் ஒரே ஊரில், ஒரே மத்ஹபில் வாழ்கிறவனுக்கு அவை வெறும் எழுத்து. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவை பக்கத்தில் நிற்கும் ஆளின் தோளும் கையுமாக வந்து நின்றன.

பிறகு அரசாங்கமும் காலமும் எல்லோரையும் கலந்துவிட்டன. 1968-இல் சிங்கப்பூரில் முயிஸ் என்ற இஸ்லாமிய சமய மன்றம் அமைந்தது. 1975-இல் பள்ளிவாசல் கட்டும் நிதி வந்தது. உழைக்கும் முஸ்லிம்களின் சம்பளத்தில் மாதம் ஒரு சிறுதொகை பிடித்து, புதிய குடியிருப்பு நகரங்களில் பள்ளிவாசல் கட்டினார்கள். அந்த நிதியில் முதலில் எழுந்தது தோ பாயோவின் முஹாஜிரீன் பள்ளி, 1977-இல். தஞ்சோங் பகார்க் குடும்பங்களும் மற்றவர்களைப் போலத் தீவெங்கும் அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போயின. அங்கே கடையநல்லூர்ப் பள்ளி, பவியான் பள்ளி என்று தேட முடியாது. பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் பள்ளி, யார் வருகிறாரோ அவர்தான் ஜமாஅத். ஆனாலும் பழைய ஜாமிஆ சூலியாவிலும், டன்லப் தெரு அப்துல் கபூர் பள்ளியிலும் இன்றைக்கும் ஜும்ஆ குத்பா தமிழில் நடக்கிறது. நோன்பு மாதத்தில் நம் கஞ்சி அங்கே காய்ச்சப்படுகிறது. குடிக்க மலாய்க்காரரும் வருகிறார், வேலைக்கு வந்த வங்காளதேசத்துப் பையனும் வருகிறான்.

இதெல்லாம் இலவசமாக வரவில்லை. விலை கொடுத்தார்கள், அந்த விலை தமிழ். சிங்கப்பூரில் முஸ்லிம் என்றால் மலாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மதரசாவில் மலாய், குத்பாவில் மலாய், பெண் கொடுத்து எடுத்த இடத்தில் மலாய். பள்ளிக்கூடத்தில் தாய்மொழிப் பாடமாகத் தமிழை விட்டு மலாயை எடுத்த தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் நிறைய. இந்தக் கலப்பு பழையது. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளான ‘ஜாவி பெரானாக்கான்’ 1876-இல் சிங்கப்பூரில் வந்தபோது அதன் பின்னால் நின்றவர்களே தென்னிந்திய வழி முஸ்லிம்கள்தான். கலப்பதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எந்தப் பெட்டியில் தன்னைப் போட்டுக்கொள்வது என்ற குழப்பம் அவர்களுக்கு இன்றும் தீரவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தாலே தெரியும்: முஸ்லிம் என்பதற்காகப் பள்ளிவாசல்-மெண்டாக்கி நிதிக்கு ஒரு பிடித்தம், இந்தியர் என்பதற்காக இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு இன்னொரு பிடித்தம். இரண்டு வீட்டுக்கும் மொய் எழுதுகிறார்கள். இரண்டு வீட்டிலும் அவர்களுக்கு முதல் வரிசை கிடைப்பதில்லை என்ற மனக்குறையும் உண்டு. 1992-இல் இந்திய முஸ்லிம் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேரவை அமைத்ததற்கு அந்தக் குறையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. ஆங்கிலவழிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். அடுத்த வருடம் அரசு தொடங்கிய தமிழ்மொழி நிலையத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். மூடிய பள்ளியின் பெயரையாவது காப்பாற்றினார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். அதைவிடப் பெரிய ஆறுதல் கவிஞர் க.து.மு. இக்பால். 1940-இல் கடையநல்லூரில் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் போனவர். வானொலிக்குக் குழந்தைப் பாடல்களாக எழுதிக் குவித்தார். 2014-இல் அந்த நாட்டின் கலாசாரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. மலாய்க் கடல் நடுவே இருந்துகொண்டு தமிழில் எழுதிய முஸ்லிம் அவர். இங்கே நம் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும்? ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

வளைகுடாவுக்கு வருவோம். வடகரையில் பாதி வீட்டுக்கு வளைகுடா அடுத்த தெரு மாதிரி. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதும் திறந்த வாசல் அது. சிங்கப்பூர்க் கதைக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே போனவர் குடிமகனானார், பேரன் எடுத்தார், அங்கேயே அடக்கமானார். வளைகுடாவில் அக்காமா என்ற தங்கும் அனுமதி இருக்கிறவரைதான் மனிதன். குடும்பத்தைக் கூட்டிப்போகும் சம்பளம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. அறையில் கட்டிலுக்குக் கட்டில் பெட் ஸ்பேஸ். கீழ்க் கட்டிலில் மலையாளி, மேல் கட்டிலில் பாகிஸ்தான்காரர், அந்தப் பக்கம் வங்காளதேசத்து ஆள். பொதுப் பாஷை உடைந்த இந்தி, இல்லாவிட்டால் சைகை. சாயங்காலம் குப்பூஸ் ரொட்டியை ஒன்றாகப் பிய்த்துச் சாப்பிடும் இந்த நாலு பேரின் நாடுகளும் செய்தியில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். செய்தி ஓடும்போது அறையில் யாரும் வாய் திறப்பதில்லை. அது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். காலையில் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டியவர்களின் அறிவு அது என்பேன் நான்.

அங்கே ஒருவர் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் காகித வேலையை நினைத்துப் பாருங்கள். மலையாளிகள் கே.எம்.சி.சி. போன்ற அமைப்புகள் வைத்து அதைச் சீராகச் செய்கிறார்கள். நம் ஆட்களுக்கும் கைகொடுத்திருக்கிறார்கள். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கத்தவர் என்று நாம் தள்ளிச் சொல்கிறோம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்ல வேண்டும். மக்காவின் ஹரமில் தொழுதவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். அங்கே சூடான்காரரும் மொராக்கோக்காரரும் மாலிக்கி மத்ஹபின்படி கையைத் தொங்கவிட்டுத் தொழுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் நெஞ்சில் கட்டியிருப்பார், இன்னொருவர் தொப்புளுக்குக் கீழே. யாராவது யார் கையையாவது தட்டிவிட்டார்களா? இல்லை. அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களில் சிலர்தான் அத்தஹிய்யாத்தில் விரலை அசைப்பதா, ஒருமுறை நீட்டினால் போதுமா என்பதற்காகப் பள்ளிவாசலை இரண்டாக்கினார்கள். மறுபக்கத்தைச் சும்மா விடமாட்டேன். விரல் அசைத்தான் என்பதற்காக ஒருவனைப் பள்ளிக்கு வராதே என்று சொன்னவர்களும், மையித்தை அடக்க இடமில்லை என்றவர்களும் நம் வட்டாரத்து மஹல்லாக்களில் உண்டு. தராவீஹ் தொழுகை எட்டு ரக்அத்தா இருபதா என்று காவல் நிலையம்வரை போன ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. தர்காவுக்குப் போவது கூடுமா கூடாதா என்ற விவாதம் மார்க்க விவாதம். அதை ஆலிம்கள் நடத்தட்டும். பொட்டல்புதூர் தர்காவுக்குப் போகிறவனோடு பேசமாட்டேன் என்பது மார்க்கம் இல்லை, வெறும் பிணக்கு. அங்கே கொடியேற்றத்துக்கு முஸ்லிம்களோடு இந்துக் குடும்பங்களும் கூடி நிற்பதை இங்கே வந்திருக்கும் எல்லோரும் அறிவீர்கள்.

எனக்குப் புரியாத இடம் இதுதான். வெளிநாட்டில் பல நாட்டுக்காரனோடு ஒரே அறையில் இருபது வருடம் ஒட்டிப்போனவனால், ஊரில் ஒரே தெருக்காரனோடு ஏன் ஒட்டிப்போக முடியவில்லை? என்னுடைய பதில் ஒன்று உண்டு. அங்கே அவன் விருந்தாளி, அடங்கியிருந்தான். இங்கே அவன் வீட்டுக்காரன். விருந்தாளியாக இருக்கும்போது காட்டிய பொறுமையை வீட்டுக்காரனாக இருக்கும்போது காட்ட வேண்டும். அதுதான் கடினம்.

அதற்கான பரீட்சை ஏற்கெனவே வந்துவிட்டது, நாம் கவனிக்கவில்லை. தென்காசியிலும் குற்றாலத்திலும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வங்காளம், பீகார், அசாமிலிருந்து வந்த பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி சஃப்பில் நின்று, தமிழ்ப் பயானை ஒரு வார்த்தையும் விளங்காமல் கேட்டுவிட்டு, சலாம் கொடுத்ததும் போய்விடுகிறார்கள். அவன் பெயர் என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நம் வாப்பாமார் தஞ்சோங் பகாரிலும் தம்மாமிலும் நின்ற அதே கடைசி வரிசைதான் அது. சிங்கப்பூரில் முயிஸ் ஜும்ஆ குத்பாவை மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் தருகிறது, நம் ஆட்கள் சிறுபான்மையாக இருந்தும். நாம் அந்தப் பையன்களுக்கு எதைத் தருகிறோம்?

ஜமாஅத் நிர்வாகிகள் மேடையிலேயே இருக்கிறீர்கள். நேரடியாகவே கேட்கிறேன். ஜும்ஆ முடிந்ததும் உருது தெரிந்த ஆலிம் ஒருவரைக் கொண்டு பத்து நிமிடம் அவர்களுக்காகப் பேச ஏற்பாடு செய்யுங்கள். நோன்புக் கஞ்சிக்கு அவர்கள் தூக்குவாளியோடு வெளியே நிற்காமல், உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து குடிக்க அழையுங்கள். சொந்த ஊர் தொலைவில் இருக்கும் ஒருவன் இங்கே மௌத்தாகிவிட்டால் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்யும் பொறுப்பு நம் மஹல்லாவுடையது, செலவும் நம்முடையது என்று தீர்மானம் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுங்கள், இந்தியிலும் வங்காள மொழியிலும். வருகிற ரமலானுக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று வடகரை, தென்காசி, கடையநல்லூர் ஜமாஅத்துகளைக் கேட்டுக்கொள்கிறேன்.